மூன்று நாள், ஒரு ஸ்கெச் புத்தகம்: கொழும்பில் எங்கே தொடங்குவது?

வரைகிறவள்

வணக்கம் எல்லோருக்கும். நான் மட்டக்களப்பு. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் படித்து முடித்து ஒரு வருடமாகிறது. கொழும்புக்கு நாலு தடவை வந்திருக்கிறேன், நாலு தடவையும் அம்மாவின் கண் வைத்தியத்துக்காக. வெள்ளவத்தையில் மாமி வீடு, ஆஸ்பத்திரி, திரும்ப மாமி வீடு, மறுநாள் விடிய ஊருக்கு உதயதேவி ரயில். பஸ் ஜன்னலால் பார்த்ததுதான் எனக்குத் தெரிந்த கொழும்பு.

அடுத்த மாதம் முதல் தடவையாக எனக்கென்று மூன்று நாள் கிடைத்திருக்கிறது, வியாழன் முதல் சனி வரை. இணையத்தில் தேடினால் தாமரைக் கோபுரம், காலிமுகத்திடல், கடைத்தொகுதிகள் என்று வருகிறது. அதெல்லாம் மாமியின் பிள்ளைகளோடு ஒரு பின்னேரம் போனால் பார்த்துவிடலாம். நான் கேட்பது வேறு. இந்த நகரத்தில் படம் வரைந்தவர்கள், நெய்தவர்கள், கட்டடங்களை யோசித்துக் கட்டியவர்கள் எங்கே இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? 1943இல் கொழும்பில் ஒன்றுசேர்ந்த நவீன ஓவியர்களான '43 குழுவின் ஓவியங்களை நாங்கள் வகுப்பில் போட்டோ கொப்பியில், கறுப்பு வெள்ளையில்தான் பார்த்தோம். அவற்றை நிறத்தோடு நேரில் பார்க்க வழி இருக்கிறதா? தெருவில் எங்காவது ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து வரைய முடியுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு படித்த தோழி போன வருடம் கொழும்பில் ஒரு காட்சிக்கூடத்துக்குப் போனாள். வாசலில் நின்றவர் "யாரைப் பார்க்க வந்தீர்கள்" என்று கேட்டதும் ஒன்றும் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்துவிட்டாள். உள்ளே ஓவியம் இருக்கிறது, ஓவியம் படித்த பிள்ளை வாசலோடு திரும்பியிருக்கிறது. அது எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது. எனக்கும் அந்தக் கூச்சம் உண்டு. சிங்களம் விளங்கும், பேச வராது. கையில் பெரிய காசும் இல்லை.

தறிக்காரி

தங்கச்சி, முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக விளங்கும்: கொழும்பின் நல்ல ஓவியங்களைப் பெரிய கட்டடங்களில் தேடாதீர்கள், அவை வீடுகளில் இருக்கின்றன. இங்கே கலை வளர்ந்தது யாரோ ஒருவரின் முன் விறாந்தையில், யாரோ ஒருவரின் பியானோ இருந்த அறையில். அதனால்தான் முதன்முறை வருகிறவர்கள் அதன் வாசல் வரைக்கும் போய்த் தெரியாமலே கடந்துவிடுகிறார்கள். முதலில் போன் எடுத்துக் கேட்க வேண்டும், அப்புறம் போய் மணி அடிக்க வேண்டும். கூச்சம் இங்கே மிகவும் விலை கூடிய பொருள்.

வியாழன் காலையில் நேரே பார்ன்ஸ் பிளேஸ் போங்கள், சபுமல் பவுண்டேஷன். ஹரி பீரிஸ் என்ற ஓவியர் வாழ்ந்த வீடு அது, '43 குழுவில் ஒருவர். 1974இல் ஒரு அறக்கட்டளை அமைத்து, வீட்டையும் சேர்த்து வைத்த ஓவியங்களையும் எல்லோருக்கும் என்று விட்டுப் போனார். தாழ்ந்த ஓட்டுக் கூரை, ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கும் அறைகள், எல்லாச் சுவரிலும் படம். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, மஞ்சுஸ்ரீ என்று நீங்கள் போட்டோ கொப்பியில் பார்த்தவர்களின் நிறத்தை அங்கே பார்க்கலாம். தெரணியகலவின் சாயம் எவ்வளவு தடிப்பாக நிற்கிறது என்பது எந்த அச்சிலும் வராது, பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். மஞ்சுஸ்ரீ முன்பு பிக்குவாக இருந்தவர், நாடு முழுக்கக் கோவில் சுவரோவியங்களைத் தேடிப் போய்ப் பிரதி எடுத்தவர். அவருடைய கோடுகளை நின்று பாருங்கள். கிழமையில் சில நாள் மட்டும், அதுவும் சில மணி நேரம்தான் திறப்பார்கள், அதனால் முதல் நாளே கட்டாயம் போன் எடுங்கள்.

அங்கிருந்து பொரளைக்கு ஓட்டோவில் கொஞ்ச நேரம்தான். கோதமி விகாரைக்குப் போங்கள். 1939-40இல் கீற் புத்தரின் வாழ்க்கையை அந்தச் சுவர்களில் வரைந்தார். காட்சிக்கூடத்தில் இருக்கும் கீற் வேறு, இந்தக் கீற் வேறு. வெறுங்காலோடு கும்பிட வந்தவர்களுக்கு நடுவே நின்றுதான் அந்த ஓவியத்தைப் பார்க்க முடியும். தோளும் முழங்காலும் மறைகிற உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஆட்கள் கும்பிடும் நேரத்தில் ஓரமாக நின்றால் போதும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

லயனல் வென்ட் அரங்கையும் பாருங்கள். '43 குழு இவரைச் சுற்றித்தான் உருவானது. புகைப்படக் கலைஞர், பியானோ வாசிப்பவர், 1944இல் 44 வயதிலேயே போய்விட்டார். அவருடைய வீடு இருந்த நிலத்தில்தான் இப்போதைய அரங்கு, 1953இல் திறந்தது. பக்கத்துக் காட்சியறையில் ஏதாவது ஒரு கண்காட்சி நடந்துகொண்டே இருக்கும், தெருவால் போகிறவர் அப்படியே உள்ளே போகலாம்.

கட்டடம் கேட்டீர்கள் அல்லவா, கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் வீடு கொள்ளுப்பிட்டியில், பகதலே வீதிக்குப் பக்கத்தில் 33ஆம் ஒழுங்கையில், 11ஆம் இலக்கம். ஒரே வரிசையில் இருந்த நாலு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒரே வீடாக இணைத்தவர் அவர். உள்ளே நடந்தால் எங்கே ஒரு வீடு முடிந்து மற்றது தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாது. வெளிச்சம் மேலிருந்து ஒரு சின்ன முற்றத்துக்குள் விழும், அங்கே செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கும். முன்பதிவு கட்டாயம், கட்டணமும் உண்டு. மூன்று நாளில் காசு கொடுத்துப் பார்க்க ஒரே ஒரு இடம்தான் முடியும் என்றால் அதற்கே கொடுங்கள்.

நான் கைத்தறியில் வேலை செய்கிறவள் என்பதால் பெயார்ஃபுட் கடையைச் சொல்லாமல் விட மாட்டேன். பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கியது, காலி வீதியில். துணி விலைதான், ஆனால் பார்ப்பதற்குக் காசு இல்லை. ரோஸுக்குப் பக்கத்தில் செம்மஞ்சள், அதற்குப் பக்கத்தில் ஊதா என்று அந்தக் கோடுகள் போவதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினால் உங்கள் நிறப்பெட்டியே வேறாகத் தெரியும். உள்ளேயே ஒரு காட்சியறையும் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை மகன்

தறிக்காரித் தங்கை சொன்னதில் பிழை இல்லை, ஆனால் எல்லாம் கொழும்பு 7, 8, 3 பக்கம்தான். பிள்ளை கொழும்பு 11, 13, அதாவது புறக்கோட்டையும் கொட்டாஞ்சேனைப் பக்கமும் பார்க்காமல் ஊருக்குப் போகக்கூடாது என்பது என் விருப்பம். நான் பிறந்து அறுபது வருடமாக இங்கேதான்.

வெள்ளி காலையில் கொச்சிக்கடைக்கு வாங்கோ, பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907க்கும் 1912க்கும் இடையில் முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டியது. நிறம் பூசிய கோபுரங்களையே பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் கல்லின் கறுப்பு வேறு விதமாக இருக்கும். உள்ளே வெளிச்சம் குறைவு, எண்ணெய் மணம், தூண்களை ஒவ்வொன்றாகக் கண் பழக விட்டுத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, உங்கள் அக்கா சொன்ன கொழும்பு 7இல் கலைக்கூடம் இருக்கிற தெருவுக்கு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று பெயர். அந்தக் குமாரசுவாமி, இராமநாதனின் தாய்மாமன் முத்து குமாரசுவாமியின் மகன். அதாவது இந்தக் கற்கோவிலைக் கட்டியவருக்கு மச்சான் முறை. ஒரு குடும்பம் கல்லில் கோவில் கட்டியது, அதே குடும்பத்துப் பிள்ளை இந்தத் தீவின் கலையைப் பற்றி உலகத்துக்கு எழுதிக் காட்டினார். நாங்கள் இங்கே யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் இல்லை பிள்ளை, அந்த எண்ணத்தோடு நடவுங்கோ.

அங்கிருந்து செட்டியார் தெருவுக்கு நடக்கலாம். நகைக்கடைகளின் முன்பக்கம் எல்லாருக்கும் தெரியும், பின்பக்கத்து ஒழுங்கைகளிலும் மேல்மாடிகளிலும்தான் நகை செய்கிற பத்தர்மாரின் பட்டறைகள். ஊதுகுழலோடு குனிந்திருக்கிற ஒருவரிடம் "ஐயா, கொஞ்சம் நின்று பார்க்கலாமா" என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். கையை மட்டும் வரையுங்கோ, முகத்தை வரைவதென்றால் கேளுங்கோ. அதே தெருவில் பூபாலசிங்கம் புத்தகசாலை இருக்கிறது, அங்கே ஒரு மணித்தியாலம் போய்விடும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கோ. அப்புறம் இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், 1909இல் முடித்தது, சிவப்பும் வெள்ளையும் கோடு கோடாக. எதிர்ப்பக்கத்தில் நின்று வரையத் தொடங்கினால் லொறிக்காரரும் மூட்டை சுமக்கிற நாட்டாமைமாரும் விட மாட்டார்கள், அதனால் ஒரு கடை வாசற்படியில் அனுமதி கேட்டு இருங்கோ. வெள்ளி மதியம் தொழுகை நேரம், அதற்கு முன்னமே முடித்துவிடுங்கோ.

வரைகிறவள்

ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மச்சான் முறை என்று வாசித்ததும் மாமியிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. தெருவில் உட்கார்ந்து வரைந்தால் பொலிஸ் ஏதாவது கேட்குமா? வாசலில் என்ன சொல்லி உள்ளே போவது? இந்த இரண்டும்தான் இன்னும் மனதில் நிற்கிறது.

கடற்கரை ரயில்

வாசலில் சொல்ல ஒரு வசனம் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "மம சித்ர பலன்ன ஆவே." படம் பார்க்க வந்தேன், அவ்வளவுதான். "யாரைப் பார்க்க" என்று கேட்டாலும் இதே பதில். காவலுக்கு நிற்பவர் அந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்பார், அது அவருடைய வேலை. உங்கள் தோழிக்கும் இதைச் சொல்லுங்கள், அவள் திரும்பி வந்திருக்கத் தேவையில்லை.

அடையாள அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். கோட்டைப் பக்கம் ஜனாதிபதி மாளிகை, துறைமுக வாசல், முகாம் மாதிரி இடங்களை வரையவோ படம் எடுக்கவோ வேண்டாம். மற்ற இடங்களில் யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள், பெரும்பாலும் தங்களையும் வரையச் சொல்வார்கள்.

தெருப் பெயர்தான் புதிதாக வருகிறவர்களைக் குழப்பும். பலகையில் ஒன்று, வாயில் ஒன்று. ஐயா சொன்ன ஆனந்த குமாரசுவாமி மாவத்தையை ஓட்டோக்காரர் கிறீன் பாத் என்பார். ஆர்.ஏ.டி மெல் மாவத்தை என்றால் டுப்ளிகேஷன் ரோட். லயனல் வென்ட் இருக்கும் கில்ஃபோர்ட் கிறெசென்ற் இப்போது பிரேமசிறி கேமதாச மாவத்தை. இரண்டு பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டோவுக்கு போனில் பிக்மீ செயலி போட்டால் விலை பேசத் தேவையில்லை.

மாமி வீடு வெள்ளவத்தை என்றால் பஸ்ஸை விட ரயில். வெள்ளவத்தையில் ஏறி பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டை. வலப்பக்கம் ஊர், இடப்பக்கம் கடல், அவ்வளவு கிட்ட. காலை அலுவலக நேரம் முடிந்த பிறகு ஏறுங்கள், நிற்கவாவது இடம் கிடைக்கும். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் வராதீர்கள், பல இடம் பூட்டியிருக்கும்.

பழைய கொம்பனித்தெரு

எல்லாரும் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள், நான் ஒரே ஒரு இடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ரயில் கொம்பனித்தெருவில் நிற்கும்போது ரியோ என்ற பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். 1965இல் திறந்த திரையரங்கு, ஒரு தமிழ்க் குடும்பத்தின் சொத்து, பக்கத்திலேயே அவர்களுடைய ஹோட்டல். சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அங்கே படம் பார்த்திருக்கிறேன். படம் எது என்று ஞாபகம் இல்லை, திரையின் அகலம்தான் ஞாபகம். 1983 ஜூலையில் எரித்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு, கொலம்போஸ்கோப் என்று 2013 முதல் நடந்துவரும் கலை விழாவின் காட்சிகளை அந்த எரிந்த ஹோட்டலுக்குள் வைத்தார்கள். நான் போனேன். பெயர்ந்த சுவர், ஜன்னல் இல்லாத ஜன்னல் ஓட்டை, அதற்கு நடுவே இளம் பிள்ளைகளின் வேலைகள். நான் ஓவியம் பார்த்தேனா சுவரைப் பார்த்தேனா என்று சொல்லத் தெரியவில்லை, வெளியே வந்து நிறைய நேரம் ரோட்டில் நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு சிங்களப் பையன் "அங்கிள், நீங்கள் முன்பு இங்கே வந்திருக்கிறீர்களா" என்று கேட்டான். அவனுக்கு அந்த முழுக் கதையையும் சொன்னேன். நாற்பது வருடத்தில் நான் அதை ஒரு அந்நியரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதனால் பிள்ளை, இப்போது வரைகிறவர்களின் வேலையையும் பாருங்கள். 2019இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது, கொள்ளுப்பிட்டி கிரெஸ்கட்டில் பார்த்தேன், போகுமுன் இடத்தையும் நேரத்தையும் அவர்களுடைய பக்கத்தில் சரிபாருங்கள். அங்கே ஒவ்வொரு படைப்புக்கும் பக்கத்தில் தமிழில் விளக்கம் இருக்கும், மூன்று மொழியும் சம அளவில். உங்கள் மாமியையும் கூட்டிக்கொண்டு போகலாம். முடிந்தால் இன்னொரு வருடம் கலா பொலவுக்கும் வாருங்கள், 1993 முதல் கிறீன் பாத் நடைபாதை முழுக்க ஓவியர்கள் தங்கள் படங்களோடு வந்து இருக்கும் ஒரு நாள் சந்தை. வருகிறவர் யாரும் அங்கே வாசல் தாண்டத் தேவையில்லை.

வரைகிறவள்

ஐயா, ரியோவைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். கொம்பனித்தெருவில் கட்டாயம் இறங்குவேன்.

இப்போதைக்கு என் கணக்கு இப்படி: வியாழன் சபுமல், கோதமி விகாரை, நேரம் இருந்தால் லயனல் வென்ட். வெள்ளி காலை கொச்சிக்கடை, செட்டியார் தெரு, மத்தியானத்துக்கு முன் பள்ளிவாசல். சனி 33ஆம் ஒழுங்கை, அப்புறம் மாமியோடு அருங்காட்சியகம். காலிமுகத்திடலும் இறால் வடையும் எந்த நாள் பின்னேரமும் சரி. நாளை காலையில் முதல் வேலையாகச் சபுமலுக்குப் போன் எடுக்கிறேன். வசனத்தையும் பாடமாக்கிவிட்டேன். சபுமலுக்குள் இருந்து வரைய விடுவார்களா அக்கா?

தறிக்காரி

போன் எடுக்கும்போதே அதையும் கேளுங்கள் தங்கச்சி. பென்சில் மட்டும் கொண்டு போங்கள், மையும் தண்ணீர் நிறமும் ஓவியங்களுக்குப் பக்கத்தில் எடுக்கவே வேண்டாம். ஸ்கெச் புத்தகத்தை ஒரு பொலித்தீன் உறைக்குள் போட்டு வையுங்கள், அடுத்த மாதம் இங்கே பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு மழை.