கபடி ரீம்ல நாலு பேருக்கு படர்தாமரை, ஜேசி ஒரே செற், என்ன செய்யிறது?

கரைச்சி மாஸ்டர்:
வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில கபடி பழக்கிறன். போன மாசம் ஒரு பெடியன்ர கழுத்தில வட்டமா ஒண்டு, கரை தடிச்சு செதில் செதிலா, நடுவில தோல் தெளிவா இருந்தது, நான் தேமல் எண்டு நினைச்சு விட்டிட்டன். இப்ப பாத்தா நாலு பேருக்கு. எங்களிட்ட ஜேசி ஒரு செற்தான், சின்னப் பிரிவு கழட்ட அந்த வேர்வையோடயே பெரிய பிரிவு போடும். கிணத்தடியில ஒரு துவாய் ஆறு பேருக்கு. வலயப் போட்டிக்கு ரெண்டு கிழமைதான் கிடக்கு, இவங்களை நிப்பாட்டினா ரீமே இல்லை. நிப்பாட்டத்தான் வேணுமோ?

பூநகரியான்:
சீமையகத்தி இலையை அரைச்சுப் பூசுங்கோ மாஸ்டர், எங்கட காலத்தில ஆர் டொக்டரிட்டப் போனது 😀

மல்லாவி அம்மா:
தயவுசெய்து பாமசியில கேட்டு கண்டதையும் வாங்கிப் பூச விடாதேங்கோ. என்ர மகனுக்கு அப்பிடித்தான் ஒரு கிறீம் தந்தவை, ரெண்டு நாளில சிவப்பும் கடியும் போட்டுது, நாங்களும் மாறீட்டுது எண்டு சந்தோசப்பட்டம், விட்ட கிழமையே வயிறு முழுக்க. பிறகு டொக்டர்தான் சொன்னவர் அதுக்குள்ள ஸ்டீரொயிட் இருக்கு, அது கடியை அமத்துமே தவிர பங்கசுக்கு நல்ல சாப்பாடு போட்ட மாதிரி எண்டு.

ஓய்வு நேர்ஸ்:
மல்லாவி அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மாஸ்டர், முதல்ல நாலு பேரையும் ஆஸ்பத்திரியில காட்டுங்கோ. வழமையா குளோற்றிறிமசோல் அல்லது ரேர்பினாபின் கிறீம்தான் குடுப்பினம். வட்டத்துக்கு வெளியால ரெண்டு சென்ரிமீற்றர் தள்ளியும் பூசோணும், மறைஞ்ச பிறகும் டொக்டர் சொன்ன நாள்வரைக்கும் விடக்கூடாது, எங்கட ஆக்கள் பிழைவிடுற இடமே இதுதான். தலைமயிருக்குள்ள இருந்தா கிறீம் சரிவராது, குளிசைதான்.

விளையாட்டுக்கு: அமெரிக்காவில பள்ளிக்கூட மல்யுத்தத்தில தோல் படர்தாமரைக்கு குறைஞ்சது 72 மணித்தியாலம் மருந்து பூசியிருக்கோணும், தலையில எண்டா 14 நாள் குளிசை, அதுக்குப் பிறகுதான் இறங்க விடுவினம். கபடியும் தோலோட தோல் உரசுற விளையாட்டுத்தானே. இண்டைக்கே தொடங்கினா போட்டிக்கு நாள் இருக்கு. அதுவரைக்கும் ஓட்டம், உடற்பயிற்சி செய்யட்டும், பிடிக்கிற பயிற்சி மட்டும் வேண்டாம். வகுப்புக்கு வரலாம், வீட்டில மறிச்சு வைக்கத் தேவையில்லை.

பயிற்சிக்கு அந்த ஜேசியைத் தொடவே தொடாதேங்கோ, அவங்கவங்கட பழைய ரீசேட் காணும். போட்டி மற் விரிப்பில நடந்தா அதைப் பிளீச் ஒரு பங்குக்கு 100 பங்கு தண்ணி விட்டுத் துடைச்சு காய விடோணும். மண் கிரவுண்டில விழுந்து உரஞ்சின காயத்தை உடன சோப் போட்டுக் கழுவி மூடுங்கோ, பொன்னிறப் பொருக்கோட வாற புண் அதுக்குள்ளாலதான் வாறது, அது பக்றீரியா, இந்தக் கிறீமுக்கு கேக்காது.

பூநகரி அண்ணை, உங்கட இலை பிழையெண்டு சொல்லேல்ல, ஆனா ரெண்டு கிழமையில போட்டி 😀

கரைச்சி மாஸ்டர்:
நன்றி அக்கா. ஜேசியை 60 பாகைச் சூட்டில தோய்க்கோணும் எண்டு ஒருத்தர் சொன்னார், பொங்கல் கிடாரத்தில அவிப்பம் எண்டா இலக்கம் உரிஞ்சு போடும், பிறகு ஆர் ஆர் எண்டு நடுவருக்கே தெரியாது. இன்னொண்டு, ஒரு பெடியனுக்கு வட்டம் இல்லை, விரல் இடுக்கில பொரி பொரியா, இரவிலதான் கூடக் கடிக்குதாம்.

ஓய்வு நேர்ஸ்:
அது சொறி (ஸ்கேபிஸ்) போல கிடக்கு, படர்தாமரை இல்லை. அவன்ர வீட்டில எல்லாருமே ஒரே இரவில கழுத்துக்குக் கீழ மருந்து பூசோணும், கடி இல்லாத ஆளும்தான், ஏனெண்டா முதல்தரம் தொத்தினவருக்கு கடி தொடங்கவே நாலு ஆறு கிழமை எடுக்கும். 2009 முகாமில பட்டது மறக்கேலுமே, ஒருத்தருக்குப் பூச மற்றவரிட்ட இருந்து திரும்ப வரும், அந்த ரென்ற் முழுக்க ஒரே நாளில பூசினாப் பிறகுதான் நித்திரை. போட்ட உடுப்பு, பாய் விரிப்பெல்லாம் அண்டைக்கே தோய்ச்சு வெய்யிலில போடச் சொல்லுங்கோ. பிறகும் ரெண்டு மூண்டு கிழமைக்கு கடி இருக்கலாம், அதுக்காகத் திரும்பத் திரும்ப பூசாதேங்கோ.
ஜேசிக்கு உரியாமத் தாங்கிற அளவு சுடுதண்ணி, சோப்தூள், உள்பக்கம் வெளியால திருப்பி நடு மத்தியான வெய்யில்.

ஒட்டுசுட்டான்:
வீட்டில மாடு, நாய், பூனை இருக்கோ எண்டும் கேளுங்கோ. எங்கட பட்டியில கண்டுகளிட்ட இருந்துதான் எனக்கு தொத்தினது.

கரைச்சி மாஸ்டர்:
இப்பதான் போன்ல கேட்டன். முதல்ல வந்த பெடியன் வீட்டில ஒரு கண்டுக்குட்டி, முதுகில மூண்டு இடத்தில வட்டமா மயிர் கொட்டிக் கிடக்காம். அவன் அதைக் கட்டிப்பிடிச்சுக் கொண்டுதான் படிக்கிறவனாம்.