‘வாங்கு’ பட்டன் வரை வருகிறார்கள், பணம் கட்டாமல் போய்விடுகிறார்கள்: உதவி தேவை

வணக்கம். ஊர் பண்ருட்டிப் பக்கம். என் விற்பனை இணையதளத்தில் ஒரே பொருள்தான்: அரைக் கிலோ முழு முந்திரி, 240 ரகம், 560 ரூபாய். நேற்று 31 பேர் ‘வாங்கு’ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். பணம் கட்டியது 2 பேர். எல்லாரும் செல்போனில் வந்தவர்கள். அம்மாவும் நானும் உட்கார்ந்து உடைசல் பொறுக்கி, எடை போட்டுக் கட்டி வைத்த பாக்கெட்டுகள் அப்படியே கிடக்கின்றன. விலையைக் குறைக்கணுமா?

புதுச்சேரியிலிருந்து பதில்:
விலையில் கை வைக்காதீர்கள். போனில் நானே வாங்கிப் பார்த்தேன். முதலில் கணக்கு தொடங்கச் சொல்லி பாஸ்வேர்ட் கேட்கிறது. ஒரு பாக்கெட் முந்திரிக்கு அது எதற்கு? பெயர், போன் நம்பர், முகவரி, பின்கோடு போதும். அதைத் தாண்டினால் க்யூஆர் கோடு வருகிறது. கையில் இருக்கும் போனிலேயே கோடு வந்தால் எதைக் கொண்டு ஸ்கேன் செய்வது? நான் மனைவியின் போனை வாங்கி ஸ்கேன் பண்ணினேன். பேருந்தில் போகிறவர் என்ன செய்வார்? உங்கள் தளத்தில் பணம் வசூலிக்கும் கேட்வே அமைப்பில் ‘யுபிஐ இன்டென்ட்’ என்ற வசதி இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டால் ஜிபே, போன்பே நேராகத் திறக்கும். கம்ப்யூட்டரில் வருபவர்களுக்கு மட்டும் க்யூஆரை வையுங்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து பதில்:
தம்பி, டெலிவரி 80 ரூபாய் கடைசிப் பக்கத்தில்தான் தெரிகிறது. 560 என்று நினைத்து வந்தவருக்கு அங்கே 640 என்றால் மனசு விட்டுப்போகும். டெலிவரியோடு 640 என்று மேலேயே போட்டுவிடு. கட்டணத்தைக் கடைசியில் ஏற்றுவது 2023இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் தடுக்கப்பட்ட முறை. சீக்கிரம் வாங்கச் சொல்லிப் பக்கத்தில் பத்து நிமிடத்திலிருந்து குறைந்துகொண்டே ஓடும் அந்தக் கடிகாரத்தையும் எடுத்துவிடு. பக்கத்தைத் திரும்பத் திறந்தால் மறுபடி பத்திலிருந்து ஓடுகிறது. இப்படிப் பொய் அவசரம் காட்டுவதும் அதே வழிகாட்டுதலில் தடுக்கப்பட்டிருக்கிறது. உன் சரக்கு நல்ல சரக்கு, அதற்கு இது வேண்டாம்.

இன்னொன்று. 240 என்றால் வெளியூர்க்காரருக்கு என்ன தெரியும்? ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, அதிகபட்சம் 240 பருப்பு என்று எழுது. அம்மா உள்ளங்கையில் பருப்பை வைத்து ஒரு படம் எடுத்துப் போடு. உணவு உரிம எண்ணும் உன் முகவரியும் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

கேட்டவர், நான்கு நாள் கழித்து:
அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. கணக்கு, கடிகாரம் இரண்டையும் எடுத்தேன், 640 மேலே வந்துவிட்டது. இன்டென்ட் போட்டு அம்மா போனில் பார்த்தேன், யாரையும் கேட்காமல் அவங்களே கட்டி முடித்தார்கள். நேற்று 26 பேர் அழுத்தியதில் 9 பேர் கட்டினார்கள். உள்ளங்கைப் படம் மட்டும் பாக்கி. காலை வெளிச்சத்தில் எடுக்கலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள்.