‘மொக்கை’ எங்கிருந்து வந்தது?

கேள்வி:
நேற்று என் பெண்ணுக்கு ஷார்ப்னரில் பென்சில் சீவிக் கொடுத்தேன். எழுதிப் பார்த்துவிட்டு, “மொக்கையா இருக்குப்பா” என்றாள். முனையைச் சொல்கிறாளா, நான் சீவின லட்சணத்தைச் சொல்கிறாளா? கேட்டால், “ரெண்டும்தான்” என்கிறாள். எனக்குத் தெரிந்து மொக்கை என்றால் கத்தி, அரிவாள்மனை சமாச்சாரம். இப்போது படம் மொக்கை, ஜோக் மொக்கை. ஆபீஸில் ஒரு பையன், “மேனேஜர்கிட்ட மொக்கை வாங்கிட்டேன் சார்” என்று வந்து நிற்கிறான். எல்லாம் ஒரே சொல்தானா?

பதில் 1:
ஒரே சொல்தான் சார், பின்னால் ஒட்டும் வினையைப் பாருங்கள். மொக்கை போடுகிறவன் விடாமல் பேசி அடுத்தவன் உயிரை வாங்குவான். மொக்கை வாங்குகிறவன் பல்பு வாங்கினவன், அசிங்கம் அவனுக்கு. உங்கள் ஆபீஸ் பையன் இந்த ரகம். படத்துக்குச் சொன்னால் வெறும் சப்பை, அவ்வளவுதான். 2007, 2008 வாக்கில் தமிழ் வலைப்பதிவுகளில் ‘மொக்கை’ என்று தனி வகையே வைத்து எழுதினோம். அதில் ஒரு பெருமை வேறு!

பதில் 2:
மதுரை, தேனிப் பக்கம் மொக்கையன், மொக்கைச்சாமி என்று ஆட்களுக்கே பெயர் உண்டுங்க. பருத்தது, தடித்தது என்றும் அதற்குப் பொருள். எங்கள் சொந்தத்தில் ஒரு பையன், கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயரைப் போடக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றான். பெயரில் என்ன குறை என்று கடைசிவரை பெரியவருக்குப் புரியவில்லை. போட்டார்கள், முழுப் பெயராகவே.

பதில் 3:
மொக்கைக்கு முன்னால் இந்த வேலையை யார் பார்த்தது? அறுவை, ரம்பம், பிளேடு, கடி. அத்தனையும் வெட்டுகிற சாதி. அந்தக் கூட்டத்துக்குள் மழுங்கலுக்கு என்ன வேலை என்று யோசித்திருக்கிறேன். புது பிளேடு ஒரே இழுப்பில் முடித்துவிடும், வலி அப்புறம்தான் தெரியும். மழுங்கினது அறுக்கவும் செய்யாது, விடவும் செய்யாது, ராவிக்கொண்டே இருக்கும். கல்லூரியில் நாங்கள் ஒரு வாத்தியாரை ‘மொக்கை பிளேடு’ என்றே சொல்வோம். பிளேடு உதிர்ந்து மொக்கை மட்டும் தங்கிவிட்டது என்பது என் ஊகம். அடித்துச் சொல்ல மாட்டேன்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. கடைசிப் பதிலைப் படித்துவிட்டு ஷார்ப்னரைக் கழற்றிப் பார்த்தேன். பிளேடுதான் மொக்கை.