உதவி: போர்மியோவிலிருந்து ஸ்டெல்வியோ கணவாய் வழியைச் செயலி காட்ட மறுக்கிறது

ரைன்கரை:
வணக்கம். கொலோனிலிருந்து குடும்பத்துடன் காரில் புறப்பட்டு, ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலி சென்று திரும்பும் ஒன்பது நாள் பயணம் ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறேன். போகும்போது பாசல், லுசேர்ன், கோட்ஹார்ட் சுரங்கம் வழியாகக் கோமோ ஏரி. திரும்பும்போது போர்மியோ, ஸ்டெல்வியோ கணவாய், பிராட்டோ, ரெஷன் கணவாய், லாண்டெக் வழியாக ஜெர்மனி. போர்மியோவுக்கும் பிராட்டோவுக்கும் இடையில் மட்டும் வழி அமையவில்லை. மலையின் இரு பக்கத்தையும் சேர்த்தாலும் 50 கி.மீ. தாண்டாத அந்தச் சாலையை விட்டுவிட்டு, செயலி என்னைத் தெற்கே திரானோ வரை இறக்கி, பெர்னினா கணவாயில் ஏற்றி, சுவிட்சர்லாந்துக்குள் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகச் சுற்ற வைக்கிறது. கணவாயின் உச்சியில் ஒரு புள்ளி வைத்தால், வழியே இல்லை என்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பலமுறை ஓட்டியவன் என்பதால் ஸ்டெல்வியோவின் 48 வளைவுகள் எனக்கு அச்சம் தரவில்லை. அவற்றில் ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எந்த அமைப்பை மாற்றினால் இந்த வழி வரும்? இன்றிரவே விடுதிகளைப் பதிவு செய்ய வேண்டும்.

தெற்குநோக்கி:
எந்தச் செயலி, எந்த மாதம், சொந்தக் காரா வாடகைக் காரா என்பவற்றைத் தெரிவித்தால்தான் உறுதியாக ஏதாவது சொல்ல முடியும். செயலியில் சுங்கச் சாலைகளைத் தவிர்க்கும் தெரிவு இயக்கத்தில் உள்ளதா என்பதையும் பாருங்கள்.

வரைபடப்பிரியன்:
எனக்கும் ஒருமுறை இப்படி நேர்ந்தது. கைப்பேசியில் தரவிறக்கி வைத்திருந்த பழைய வரைபடமே காரணமாக இருந்தது. அதை அழித்துவிட்டு மீண்டும் தரவிறக்குங்கள். எல்லைப் பகுதிகளில் ஒவ்வொரு நாட்டின் வரைபடமும் தனித்தனியாக இருப்பதால், இணைப்பு விடுபட்டுப் போக வாய்ப்புண்டு. பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

தெற்குநோக்கி:
ஸ்டெல்வியோ சாலையின் இரு முனைகளும் இத்தாலிக்குள்தானே இருக்கின்றன? எல்லை இணைப்பு விடுபட்டது காரணமானால், சுவிஸுக்குள் நுழைந்து வெளியேறும் அந்தச் சுற்றுவழியல்லவா வராமல் போயிருக்க வேண்டும்?

பழையபயணி:
ஆல்ப்ஸை இருபது முறைக்கு மேல் கடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாதத்தைக் குறிப்பிடாமல் கணவாய் வழியைக் கேட்பவர் இன்னும் திட்டமிடவே தொடங்கவில்லை என்று பொருள். ஸ்டெல்வியோ 2757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கார்லோ டொனேகானி என்ற பொறியாளரின் திட்டப்படி, 1820க்கும் 1825க்கும் இடையில், லொம்பார்டியைத் திரோலுடன் இணைப்பதற்காக ஆஸ்திரியப் பேரரசு கட்டிய சாலை அது. அன்றைய அரசுக்கு அதன் தேவை இருந்தது. இன்று அது கோடைக்காலச் சாலை மட்டுமே. கொல்லிமலையில் வளைவுகள் உண்டு, பனி கிடையாது. இந்த அடிப்படைகளைப் படித்துவிட்டு வந்து கேட்டிருந்தால் எல்லோருடைய நேரமும் மிஞ்சியிருக்கும். முதல் முறை செல்பவர் ஆஸ்திரியாவையும் இத்தாலியையும் இணைக்கும் பிரென்னர் கணவாய் வழியே போய்த் திரும்புவதே முறை.

இன்ஸ்புருக்மாணவி:
பிரென்னர் வழியை எளிய வழி என்று சொல்லிவிட முடியாது, ஐயா. 1370 மீட்டர் உயரம்தான், ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்த நெடுஞ்சாலையிலுள்ள லூக் பாலத்தின் பழுதுப் பணிகளுக்காக 2025 ஜனவரி முதல் அங்கே பெரும்பாலான நாட்களில் திசைக்கு ஒரு தடம் மட்டுமே விடுகிறார்கள். மேலும் நெடுஞ்சாலைக் கட்டணம் செலுத்தியதற்கு அடையாளமான விக்னெட் ஒட்டுவில்லையை ஆஸ்திரியாவுக்கு வாங்கியிருந்தாலும் பிரென்னர் நெடுஞ்சாலைக்குத் தனிச் சுங்கம் உண்டு. அவர் கேட்டது ஸ்டெல்வியோவைப் பற்றி என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

ரைன்கரை:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஏப்ரல் 2, வியாழக்கிழமை காலை புறப்படுகிறோம். பிள்ளைகளின் ஈஸ்டர் விடுமுறை. வாடகைக் கார், தானியங்கி கியர். ஐந்து பேர், என் தாயாருக்கு வயது 71. சுங்கத்தைத் தவிர்க்கும் தெரிவு இயக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஸ்டெல்வியோவில் சுங்கமே இல்லையே? கணவாய் மூடியிருக்கும் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. கொலோனில் இப்போது மரங்கள் பூத்துவிட்டன.

சூரிச்வாணி:
தம்பி, உங்கள் கைப்பேசியில் பழுதில்லை. ஸ்டெல்வியோ வழக்கமாக மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோதான் திறக்கும். ஏப்ரலில் அங்கே ஆளுயரத்துக்கு மேல் பனி கிடக்கும். அதற்குப் பக்கத்திலுள்ள 2501 மீட்டர் உம்பிரைல் கணவாயும் அப்படியே மூடியிருக்கும். ஆகவே யாராவது அதைச் சொன்னாலும் நம்ப வேண்டாம். சாலை மூடியிருப்பதைச் செயலி அறிந்தே உங்களைத் திருப்பிவிடுகிறது.

ஆனால் தெற்குநோக்கி கேட்ட கேள்வியிலும் பாதி விடை இருக்கிறது. போர்மியோவிலிருந்து பிராட்டோவுக்குக் குளிர்காலத்திலும் திறந்திருக்கும் இரண்டாவது வழி ஒன்று உண்டு: ஃபொஸ்கான்யோ கணவாய் ஏறி லிவின்யோவுக்குப் போய், அங்கிருந்து முன்ட் லா ஷேரா சுரங்கத்தால் சுவிஸுக்குள் இறங்கி, ஓஃபன் கணவாயைக் கடந்து போவது. 1960களில் நீர்மின் திட்டத்துக்காகக் குடைந்த, ஏறக்குறைய மூன்றரை கி.மீ. நீளமான சுரங்கம் அது. ஒரே தடம் என்பதால் இரு பக்கத்தாரையும் மாறி மாறித்தான் விடுவார்கள். அதற்குச் சுங்கம் உண்டு. நீங்கள் சுங்கத்தைத் தவிர்க்கச் சொன்னதால்தான் செயலி அதையும் விட்டுவிட்டு, உங்களைப் பெர்னினா வரைக்கும் கொண்டுபோகிறது. அந்தத் தெரிவை நிறுத்திவிட்டுப் பாருங்கள். லிவின்யோ வழி வந்தால் நான் சொன்னது சரி.

இன்னொன்று. வாடகைக் காரில் என்ன ரயர் போட்டிருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இத்தாலியின் மலைச் சாலைகளில் ஏப்ரல் 15 வரைக்கும் குளிர்கால ரயர் அல்லது சங்கிலி கட்டாயம். யேர்மனியில் 2024 அக்டோபர் முதல், மலையும் பனித்துகளும் பொறித்த ரயரை மட்டுமே குளிர்கால ரயராக ஏற்கிறார்கள். சேற்றுக்கும் பனிக்கும் உரியது என்று குறிக்கும் வெறும் எம்+எஸ் எழுத்து போதாது.

தேனீ:
வியாழக்கிழமை கோட்ஹார்டா? பெரிய வெள்ளிக்கு முந்தைய நாள் அந்தச் சுரங்கத்தின் வடக்கு வாயிலில் வரிசை பல கிலோமீட்டருக்கு நிற்கும். அதைவிட முக்கியமாக, வயதான தாயாரை 16.9 கி.மீ. நீளமுள்ள, எதிரெதிர் வாகனங்கள் ஒரே குழாயில் ஓடும் சுரங்கத்துக்குள் அழைத்துச் செல்வதை நான் ஏற்க மாட்டேன். 2001 அக்டோபர் 24 அன்று இரண்டு லாரிகள் அங்கே மோதித் தீப்பிடித்ததில் 11 பேர் இறந்தார்கள். 1999இல் மோன் பிளாங்க் சுரங்கத் தீயில் 39 பேர் இறந்தார்கள். நான் எப்போதும் காண்டர்ஸ்டேக்கில் காரை ரயிலில் ஏற்றி, கோப்பன்ஸ்டைனில் இறங்கி, சிம்ப்ளோன் கணவாய் வழியாகவே இத்தாலிக்குச் செல்கிறேன்.

பழையபயணி:
ரயிலில் ஏற்றினாலும் லோட்ஷ்பேர்க் சுரங்கத்தின் 14.6 கி.மீ. தூரத்தை நீங்கள் காருக்குள் அமர்ந்தபடியேதான் கடக்கிறீர்கள். சுரங்கத்தைத் தவிர்த்ததாக ஆகாது.

தேனீ:
தவிர்க்கிறேன் என்று நான் சொல்லவில்லை. எதிரே லாரி வராது என்பதே என் வாதம்.

சூரிச்வாணி:
தேனீயின் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை; அந்த 2001 விபத்து நாளில் என் கணவர் தெற்கே தெசீனோவில் வேலைக்குப் போயிருந்தார், மாலை வரைக்கும் செய்தி இல்லை. ஆனாலும் நியாயமாகப் பேசுவோம். கோட்ஹார்டில் 250 மீட்டருக்கு ஒரு காப்பறை இருக்கிறது. எல்லாம் பக்கத்தில் ஓடும் தப்பும் பாதையோடு இணைந்தவை. விபத்துக்குப் பிறகு லாரிகளைச் சொட்டுச் சொட்டாக, இடைவெளி விட்டே உள்ளே அனுப்புகிறார்கள். இரண்டாவது குழாயையும் குடைந்து வருகிறார்கள். உள்ளே போகிற சாரதி செய்ய வேண்டியது முன்வாகனத்தோடு நெருங்காமல் இடைவெளி விட்டு ஓடுவது. தீ என்றால் காரை விட்டுவிட்டு, சாவியையும் அதிலேயே விட்டு, உடனே காப்பறைக்கு நடப்பது. மோன் பிளாங்கில் காருக்குள்ளேயே இருந்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள்.

வரிசைக்கு அஞ்சினால் கூர் நகர் வழியாகச் சான் பெர்னார்டினோவுக்குப் போகலாம்; 6.6 கி.மீ. சுரங்கம், 1967இல் திறந்தது. அதுவும் ஒரே குழாய்தான். கொலோனிலிருந்து தூரம் கூடும், கோட்ஹார்டில் அடைத்தால் அங்கும் கூட்டம் திரும்பும். வழியை மாற்றுவதைவிடப் புறப்படும் நாளை மாற்றுவதே நல்லது: வியாழனையும் வெள்ளியையும் விட்டுவிட்டுச் சனி அதிகாலையில் எல்லையைக் கடவுங்கள்.

இன்ஸ்புருக்மாணவி:
சூரிச்வாணி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சுவிஸ் நெடுஞ்சாலைக்கான விக்னெட் 40 ஃபிராங்க். ஒரு நாளுக்கோ ஒரு வாரத்துக்கோ தனியாகக் கிடைக்காது. 2023 ஆகஸ்ட் முதல் மின்வடிவிலும் விற்கிறார்கள், ஆனால் அது வண்டியின் பதிவெண்ணோடு இணைந்தது. வாடகைக் காரின் எண் கையில் சாவி வரும்வரை தெரியாது என்பதால் முன்கூட்டியே வாங்க வேண்டாம். எடுத்த பிறகு, பாசல் எல்லைக்கு முன் வாங்கினால் போதும். இல்லாமல் போனால் 200 ஃபிராங்க் அபராதம், அதோடு விக்னெட்டின் விலையும் சேரும்.

தெற்குநோக்கி:
தானியங்கி கியர் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. இறக்கத்தில் நெம்புகோலைக் கைமுறை நிலைக்குத் தள்ளி, இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்குமாறு விடுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறி, தேவைப்படும் நேரத்தில் பிடிக்காது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய காரில் இது இன்னும் விரைவில் நேரும். பெர்னினாவில் திரானோவை நோக்கி இறங்கும் பக்கம் 2300 மீட்டரிலிருந்து ஏறக்குறைய 450 மீட்டருக்கு வருகிறது. நீங்கள் அதை எதிர்த்திசையில் ஏறுவீர்கள் என்றாலும், ஓஃபன் கணவாயிலிருந்து முஸ்டேருக்கு இறங்கியே ஆக வேண்டும்.

வரைபடப்பிரியன்:
என் ஊகம் தவறென்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வரைபடத்தைப் புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது. எங்கடின் பள்ளத்தாக்கின் சில இடங்களில் எனக்கு இணைய இணைப்பு கிடைக்கவில்லை.

ரைன்கரை:
தெரிவை நிறுத்தியதும் லிவின்யோ வழி வந்துவிட்டது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காட்டுகிறது. புறப்பாட்டைச் சனிக்கு மாற்றிவிட்டேன். வாடகை நிறுவனத்திடம் டயரைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. ஸ்டெல்வியோவை நினைத்தால் வருத்தம்தான். அனைவருக்கும் நன்றி.

சூரிச்வாணி:
பதில் வராவிட்டால் காரை எடுக்கும் முன் நீங்களே ரயரின் பக்கவாட்டைப் பாருங்கள், தம்பி. அந்தப் பனித்துகள் குறி இல்லையென்றால் கையொப்பமிட வேண்டாம். ஸ்டெல்வியோவுக்கு செப்டம்பரில் வாருங்கள். பிராட்டோ பக்கமிருந்து ஏறினால் ஒவ்வொரு வளைவிலும் எண்ணிட்ட கல் நிற்கும், அம்மா எண்ணிக்கொண்டே வரலாம்.

ரைன்கரை:
திரும்பிவிட்டோம். கோட்ஹார்டில் சனி அதிகாலை நாற்பது நிமிடம் மட்டுமே நின்றோம். கோமோவிலிருந்து புறப்பட்ட நாளில் லிவின்யோ பக்கம் புதிதாகப் பனி கொட்டியதால் பெர்னினா வழியாகவே வந்தோம்; உச்சியில் சாலை ஈரமாக இருந்ததே தவிர பனி படியவில்லை. டயர் சரியானதாகவே இருந்தது. அம்மா நலம்.

தேனீ:
மகிழ்ச்சி. பெர்னினாவுக்கு முந்தைய இரவு எங்கே தங்கினீர்கள்? ஏப்ரல் கடைசியில் நாங்களும் அதே வழியில் போக எண்ணுகிறோம்.