‘ஆதரவு முடிவு’ வேண்டாம், ‘காப்புக்காலம்’ என்போம்

அன்பின் குழும நண்பர்களுக்கு,

வணக்கம். அலுவலகக் கணினிகளில் விண்டோஸ், லினக்ஸ் போன்ற பணிசெயல் முறைமையை மேம்படுத்துவது தொடர்பான சொற்களைத் தொகுத்து வருகிறோம். அதில் ‘end of support’ என்பதற்கு வழங்கும் ‘ஆதரவு முடிவு’ என்ற சொல்லை இருந்தபடியே விட்டுவிடலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பட்டியலில் உள்ள வேறு சொற்கள் கொஞ்சம் முன்பின்னாக அமைந்தாலும் பெரிய நட்டம் வராது. இந்தச் சொல்லைப் பார்த்துத்தான் ஒரு முகாமையாளர் பணம் ஒதுக்குவதா இல்லையா என்று முடிவெடுக்கிறார். ஆகவே சற்று நீட்டியே எழுதுகிறேன்.

நான் திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளி, தம்பலகாமம் பக்கங்களிலும் உள்ள சிறு நிறுவனங்களின் கணினிகளைப் பராமரிப்பவன். விடுதிகள், அரிசி ஆலைகள், மருந்தகங்கள், ஒரு கணக்காளர் அலுவலகம். இங்கே மேசைகளில் இருப்பவை பெரும்பாலும் கொழும்பிலிருந்து வரும் பாவித்த கணினிகள். இன்டெல் நான்காம் தலைமுறை, ஆறாம் தலைமுறைச் செயலிகள் கொண்டவை. விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ, அத்துடன் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10இன் நாள் முடிந்தபோது, இந்தக் கணினிகள் மேலே ஏற வழியில்லாமல் அங்கேயே நின்றுவிட்டன. அவற்றின் உரிமையாளர்களுக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரியில் எந்தச் சொல்லைப் போடுவது? என் கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு விடுதிக்கு ‘ஆதரவு முடிவடைந்துவிட்டது’ என்று எழுதினேன். முகாமையாளர் அன்றே பதில் அனுப்பினார்: “அந்த நிறுவனத்திடமிருந்து எங்களுக்கு எந்த ஆதரவும் ஒருநாளும் கிடைத்ததில்லை. கணினி பழுதானால் உங்களைத்தானே அழைக்கிறோம்? நீங்கள் இருக்கும்வரை எங்களுக்குப் போதும்.” அவர் என்மீது வைத்த நம்பிக்கை பெரிது. சொல்லையும் அவர் சரியாகவே வாசித்திருக்கிறார். தமிழில் ஆதரவு என்பது வேட்பாளருக்குக் கொடுப்பது, கைவிடப்பட்டவருக்குக் கொடுப்பது, தொலைபேசியில் வழிசொல்லி உதவுவது. உண்மையில் நின்றுபோனது எதுவோ அதற்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை.

நின்றுபோனது மாதாந்த ஒட்டு, அதாவது முறைமையில் உள்ள ஓட்டைகளை அடைக்க அனுப்பப்படும் திருத்த நிரல். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணிக்கு, மைக்ரோசொப்ட் பாதுகாப்பு ஒட்டுகளை வெளியிடுகிறது. நமக்கு அது செவ்வாய் இரவு பத்தரை. அங்கே குளிர்கால நேரம் என்றால் பதினொன்றரை. புதன் காலை கடை திறந்து கணினியை முடுக்கும்போதுதான் அவை இங்கே இறங்கத் தொடங்குகின்றன. இந்த வரத்துத்தான் நின்றுவிட்டது. அதன் விளைவு வெளியே தெரிவதில்லை என்பதே இதில் ஆபத்தான பகுதி. கணினி வழக்கம்போல எழும்புகிறது, பற்றுச்சீட்டு அச்சாகிறது. விண்டோஸுடன் வரும் நச்சுநிரல் தடுப்புக்குரிய அடையாளக் கோப்புகள் 2028 ஒக்டோபர் வரை வந்துகொண்டிருக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதனால் திரையின் வலது மூலையில் பச்சைச் சரியடையாளமும் அப்படியே இருக்கிறது. அந்தப் பச்சையைக் காட்டி “எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?” என்று கேட்பவரிடம் ‘ஆதரவு முடிவு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன விளக்குவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10உம் 11உம் நிரலில் பெரும்பகுதியைப் பகிர்ந்துகொள்பவை. 11இற்கு ஒரு ஒட்டு வெளிவந்ததும், பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்று கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதே ஓட்டை 10இலும் இருந்தால், தனியாக நீட்டிப்புப் பெறாத கணினியில் அதை அடைக்க எவரும் இல்லை. ஆகவே இந்த நிலையில் உள்ள ஒரு கணினி நாளாக நாளாகக் கூடுதல் ஆபத்துக்கு உள்ளாகிறது. 2017இல் நடந்தது நினைவிருக்கும். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாகிரை என்ற பணயத்தாக்குதல் மே 12ஆம் திகதி உலகெங்கும் பரவியது. அது நுழைந்த ஓட்டைக்குரிய ஒட்டு மார்ச் மாதமே வந்துவிட்டது. அதை உரிய நேரத்தில் இட்டிருந்த கணினிகளில் அந்த வழியாக அதனால் நுழைய முடியவில்லை. 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு கைவிடப்பட்ட பழைய விண்டோஸ் எக்ஸ்பீக்கு அந்த ஒட்டு பொதுவில் கிடைத்தது தாக்குதல் தொடங்கிய பிறகுதான். இந்த வேறுபாட்டைக் காட்டும் சொல்தான் நமக்கு வேண்டும்.

குழுமத்தில் வந்த மாற்றுச் சொற்களுக்கு வருகிறேன்.

‘ஆயுள் முடிவு’ பொருந்தாது. கணினியும் சாகவில்லை, முறைமையும் சாகவில்லை. இந்தச் சொல்லைக் கேட்டவர் திரை ஒருநாள் அணைந்துவிடும் என்று காத்திருப்பார். அது அணையாததால் நம் பேச்சை நம்புவதை விட்டுவிடுவார்.

‘காலாவதி’ என்பதைப் பலர் விரும்பினீர்கள். மக்களுக்குத் தெரிந்த சொல், உண்மைதான். ஒரு மருந்தகத்தில் இதைச் சொல்லிப் பார்த்தேன். அங்கே காலாவதி என்றால் அந்த நிமிடமே தட்டிலிருந்து இறக்க வேண்டிய பொருள். உரிமையாளர் அம்மா பதறிப்போய், இருப்புக் கணக்கெல்லாம் அழிந்துவிடுமா என்று கேட்டார். அவரை அமைதிப்படுத்தவே பெரும்பாடாகிவிட்டது. மருந்து தன்னளவில் கெடுகிறது. முறைமை கெடுவதில்லை, அதைச் சுற்றியிருந்த காவல் போய்விடுகிறது. காவற்காரன் விலகிய பிறகும் வீடு நின்றுகொண்டுதான் இருக்கும்.

காவல் என்ற சொல்லே இருக்கிறதே, ‘காவற்காலம்’ என்று சொல்லலாமே என்று வவுனியா நண்பர் எழுதியிருந்தார். நானும் அதைக் கொஞ்சக் காலம் மனத்தில் வைத்திருந்தேன். ஆனால் நம் நாட்டில் அதைக் காதில் வாங்குபவர் முதலில் நினைப்பது தடுப்புக்காவலை. ‘பாதுகாப்புக் காலம்’ என்றாலும் இதே தொல்லைதான். கடற்படைத் தளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழும் இந்த ஊரில் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லுக்கு வேறு கனம் இருக்கிறது.

ஆகவே ‘காப்பு’ என்பதை அடியாகக் கொள்வோம். ஒரு பதிப்புக்குப் பாதுகாப்பு ஒட்டுகள் தடையின்றி வரும் காலம் ‘காப்புக்காலம்’. இது முடிந்த பிறகு கட்டணம் பெற்றுக்கொண்டு நீட்டிப்பது ‘கட்டணக் காப்பு’. விண்டோஸ் 10இற்கு நிறுவனங்கள் இப்போது வாங்குவது இதைத்தான்: முதலாண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 டொலர், ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பு, கூடியது மூன்றாண்டு. இரண்டாம் ஆண்டில் வந்து சேர்பவர் முதலாண்டுப் பணத்தையும் கட்ட வேண்டும். மூன்றாண்டும் எடுத்தால் 427 டொலர். அந்தப் பணத்துக்கு எட்டாம் தலைமுறைப் பாவித்த கணினி ஒன்றையே யோசிக்கலாம் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். ஆனால் இங்கே நான் சுட்ட விரும்புவது வேறு. அந்தக் கட்டணத்துக்கு முக்கியமான பாதுகாப்பு ஒட்டுகள் மட்டும்தான் கிடைக்கும். பொதுவான தொழினுட்ப உதவி அதில் சேராது. அப்படியிருக்க அதை ‘நீட்டித்த ஆதரவு’ என்று எழுதினால், இல்லாத பொருளுக்கு இருப்பதுபோல் பெயர் வைத்ததாகிவிடும்.

லினக்ஸ் பக்கமும் இதே கதை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் நெடுங்காலப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டு ஒட்டுகள் வருகின்றன. 2022 ஏப்ரலில் வந்த பதிப்புக்கு 2027 வரை. அந்த நாள் கடந்த பிறகும் இணையத்தில் கேள்வி கேட்டால் நல்ல மனம் கொண்டவர்கள் பதில் சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். அவர்களுடைய ஆதரவு எங்கே முடிந்தது? முடிவது காப்பு. அத்தகைய பதிப்புகளை ‘நெடுங்காப்புப் பதிப்பு’ என்று அழைத்தால் ஒரே அடியிலிருந்து மூன்று சொற்கள் கிடைத்துவிடுகின்றன.

உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

நன்றி.

———

வணக்கம் அண்ணா,

உங்கள் மடலை அலுவலகத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ‘காப்புக்காலம்’ எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு இடறல். நாங்கள் தினமும் மாலை கணக்குக் கோப்புகளின் பிரதியை வெளிவன்தட்டில் எடுத்து வைக்கிறோம். அதைக் ‘காப்பெடுத்தல்’ என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். எடுத்து முடித்ததும் பதிவேட்டில் ‘காப்பு முடிந்தது’ என்று எழுதிக் கையொப்பமிடுகிறோம். நாளைக்கு உங்களிடமிருந்து ‘காப்பு முடிந்தது’ என்று ஒரு கடிதம் வந்தால், நல்ல செய்தி என்று கோப்பில் போட்டுவிடுவோம்.

அதனால் ‘காலம்’ என்ற பகுதியை எங்கேயும் விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். ‘காப்பிறுதி’ என்று சுருக்கலாம் எனச் சிலர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் மேசையில் வாகனக் காப்புறுதிப் பத்திரங்கள் குவிந்து கிடக்கின்றன. ஒரெழுத்து வேறுபாட்டை எவரும் கவனிக்கமாட்டார்கள். ஒட்டு வராத கணினியைச் சுட்டவும் ஒரு சொல் வேண்டும். ‘காப்பிழந்த கணினி’ என்றால் சரியாக இருக்குமா?

———

அன்பின் தங்கைக்கும் மற்றவர்களுக்கும்,

‘காப்பிழந்த’ என்பது மிகவும் நல்ல சொல். ‘ஆதரவற்ற கணினி’ என்று சில தளங்களில் எழுதுகிறார்கள். அதை வாசிக்கும்போது அநாதைப் பிள்ளையின் நினைவுதான் வரும். ‘இழந்த’ என்றால் முன்பு இருந்தது, இப்போது இல்லை என்ற இரண்டும் அடங்கிவிடுகின்றன. கணினியை மேலேற்றிவிட்டால் இழந்ததை மீட்டுவிட்டோம் என்றும் சொல்லலாம். இதை உடனே பட்டியலில் சேர்ப்போம்.

பிரதி எடுப்பது பற்றிய கவலை மிகச் சரியானது. அது ஒரு எழுதுவினைஞரின் மேசையிலிருந்துதான் வர முடியும். ஆகவே விதியாகவே வைத்துக்கொள்வோம்: ‘காப்பு முடிந்தது’ என்று தனியாக எங்கும் எழுதுவதில்லை. ‘காப்புக்காலம் கடந்துவிட்டது’ என்றே எழுத வேண்டும். பிரதி எடுப்பதற்கு ‘காப்புப்பிரதி’ என்ற முழுச்சொல் இருக்கிறது. பதிவேட்டிலும் ‘பிரதி எடுத்தாயிற்று’ என்று எழுதிப் பழகினால் இரண்டு பக்கமும் தெளிவு கிடைக்கும். இது சின்ன விடயம் இல்லை. முறைமையை மேம்படுத்துமுன் பிரதி எடுத்தாயிற்றா என்பதை நான் எழுத்தில் உறுதிசெய்துகொண்டுதான் கணினியைத் தொடுவேன்.

காப்பு என்பது பேச்சுவழக்கில் தேய்ந்த சொல், ‘ஓம்புகாலம்’ என்று வைக்கலாமே என நம் குழுமத்து ஐயா ஒருவர் எழுதியிருந்தார். திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய விபுலானந்த அடிகள், 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியதையும் நினைவூட்டியிருந்தார். ஐயாவின் தமிழுக்கு முன் நான் மாணவன். ஓம்புதல் அழகான சொல் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் நிலாவெளி விடுதிக்காரருக்கு ‘ஓம்பல்’ என்றதும் விருந்தோம்பல்தான் தோன்றும். அங்கே அது ஒரு தொழிற்றுறையின் பெயர். ஓம்புகாலம் முடிந்தது என்று எழுதினால், சுற்றுலாப் பருவம் முடிந்ததைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்வார். காப்பு பழகிய சொல்லாக இருப்பதை நான் பலமாகவே பார்க்கிறேன். திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதை அறியாத வீடு இங்கே இல்லை. கட்டிய நாளும் அவிழ்க்கும் நாளும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். நம் சொல்லிலும் அந்த நாட்கணக்கு இருக்கிறது.

‘மேம்படுத்தல்’, ‘இற்றைப்படுத்தல்’ இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்ற விவாதத்தை வேறு இழையில் தொடருவோம். அது இன்னும் முதிரவில்லை.

தம்பலகாமத்து அரிசி ஆலைக்கு நான் அனுப்பவிருக்கும் கடிதத்தின் முதற் பந்தியைக் கீழே தருகிறேன். இதே சொற்களோடுதான் போகிறது.

“உங்கள் அலுவலகக் கணினிகளில் உள்ள விண்டோஸ் 10இன் காப்புக்காலம் 2025.10.14 அன்றுடன் கடந்துவிட்டது. கணினிகள் தொடர்ந்து இயங்கும், கோப்புகள் அழியா. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் ஒட்டுகள் இனி வரமாட்டா. காப்பிழந்த கணினிகளில் வங்கிக் கொடுக்கல்வாங்கல் செய்வதை உடனே நிறுத்துங்கள். கட்டணக் காப்பு வாங்குவதா, கணினியை மாற்றுவதா, நெடுங்காப்பு லினக்ஸ் பதிப்புக்கு மாறுவதா என்பதை நேரில் பேசித் தீர்மானிப்போம். அதற்குமுன் எல்லாக் கோப்புகளுக்கும் காப்புப்பிரதி எடுத்து வையுங்கள்.”

‘அழியா’, ‘வரமாட்டா’ என்ற முடிவுகள் ஆலைக்காரருக்குக் கனமாக இருக்குமென்று நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்கள் காலை கடிதத்தைக் கையில் கொடுக்கிறேன்.