வீடற்ற மனநோயாளர்களுக்கான புதிய சமூகச் சேவைகள் நம் பகுதியில் ஏன் வேரூன்றவில்லை? ஆய்வுக்கு வழி கேட்கிறேன்

கேள்வி: சமூகப்பணி மாணவி, கடலூர்

வணக்கம். நான் முதுகலைச் சமூகப்பணி இறுதியாண்டு படிக்கிறேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் வீடின்றித் தெருவில் வாழும் மனநலம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி ஆய்வேடு எழுத விரும்புகிறேன். தங்கும் இல்லங்களில் இருப்பவர்களிடம் வினாத்தாள் கொடுத்து, மனச்சோர்வின் அளவைக் கணக்கிட்டு, அட்டவணை போட்டு முடித்துவிடலாம் என்பது எனக்குக் கிடைத்த ஆலோசனை. அது எளிய வழிதான். ஆனால் அவர்கள் துயரத்தில் இருக்கிறார்கள் என்பதை நிறுவுவதற்கு ஓர் ஆய்வேடு வேண்டுமா என்ற ஐயம் எனக்கு விடவில்லை.

சென்னையில் 1993-இல் தொடங்கப்பட்ட தி பேன்யன் அமைப்பு, 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்ற முறையை நடத்திவருவதைப் படித்தேன். மருத்துவமனையிலோ காப்பகத்திலோ நெடுங்காலம் தங்கிவிட்டவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, எல்லோரும் குடியிருக்கும் ஒரு தெருவில் வாடகை வீடெடுத்து, உடனிருக்கும் பணியாளரின் துணையோடு சமைத்து, கடைக்குப் போய், வேலை தேடி வாழ்கிறார்கள். இத்தகைய சேவையை நம் பகுதி ஏற்று நடத்த வேண்டுமானால் எது தடையாக இருக்கும், எது துணைநிற்கும் என்பதே நான் ஆராய விரும்பும் கேள்வி. எங்கிருந்து தொடங்குவது, எதை அளப்பது, வெளிநாட்டு ஆய்வு முடிவுகளை எந்த அளவுக்கு நம்பிக் கையாள்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

பதில் 1: மனநல சமூகப் பணியாளர், புதுச்சேரி

உங்கள் ஐயம் நியாயமானது. அட்டவணையை ஒதுக்கி வையுங்கள். தெருவிலிருந்து அழைத்துவரப்பட்ட ஒருவரின் பாதையை முதலிலிருந்து கடைசி வரை எழுதிப் பாருங்கள். அது எங்கே அறுபடுகிறது என்பதைக் கண்டுகொண்டால் பாதி ஆய்வு முடிந்தது.

தாளில் அந்தப் பாதை தெளிவாகவே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவின்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாத நிலையில் அலைந்து திரியும் ஒருவருக்கு மனநோய் இருப்பதாகக் கருதக் காரணம் இருந்தால், காவல் நிலைய அதிகாரி அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. அவர் வீடற்றவரானால், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் அந்தக் காவல் நிலையத்தின் கடமை. வீடற்றோருக்கு அரசு நிலையங்களில் சிகிச்சை இலவசம் என்கிறது 18-ஆம் பிரிவு. வறுமைக்கோட்டு அட்டை கையில் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப அதில் இடமில்லை. சமூகத்தில் வாழும் உரிமையை 19-ஆம் பிரிவு தருகிறது; குடும்பம் இல்லை, தங்க இடம் இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்பதும் அதில் அடங்கும்.

நடைமுறையில் அறுபடுவது பெரும்பாலும் மருத்துவமனையை விட்டு வெளியேறும் நாளில்தான். நம் பகுதிக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. புதுச்சேரி ரயில் நிலையத்தருகே அழைத்துவரப்படும் ஒருவரின் ஊர் பண்ருட்டிப் பக்கமாக இருக்கும். இங்கே சிகிச்சை பெற்று, பெயரும் ஊரும் சொல்லும் அளவுக்குத் தெளிந்து, அண்ணன் வந்து அழைத்துப் போவார். முள்ளோடையைத் தாண்டியதும் வேறு அரசு, வேறு கோப்பு, வேறு அலுவலர். குடும்ப அட்டை, மருத்துவக் காப்பீடு, மாதாந்திர உதவித்தொகை எல்லாம் தமிழ்நாட்டில். சிகிச்சைக் குறிப்பு மட்டும் புதுச்சேரியில். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அவர் ஊருக்கு அருகே எந்தக் கிழமை வருகிறார், இங்கே கொடுத்த மாத்திரை அங்கே இருப்பில் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுச் சொல்லும் பொறுப்பு எவருடைய பணிப் பட்டியலிலும் இல்லை. கேட்டுச் சொல்பவர் இருந்தால் அது அவருடைய நல்ல மனம். அவர் மாற்றலாகிப் போனால் அந்த ஏற்பாடும் அவரோடு போய்விடும்.

எதை அளப்பது என்று கேட்டீர்கள். எங்கள் துறை ஆண்டறிக்கைகளில் 'மீட்கப்பட்டோர் எண்ணிக்கை' என்ற கட்டம் தவறாமல் இருக்கும். முடிவெட்டி, குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்ட புகைப்படமும் இருக்கும். (அந்தப் படத்தை எடுக்க அவரிடம் யார் அனுமதி கேட்டார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.) ஓராண்டு கழித்து அவர் எங்கே உறங்குகிறார் என்ற கட்டத்தை நான் பார்த்ததில்லை. அதை அளந்து பாருங்கள்.

பதில் 2: மக்கள் நல்வாழ்வு ஆய்வாளர்

முன்னவர் சொன்ன அறுபடும் இடத்தையே குறியாகக் கொண்டு சோதிக்கப்பட்ட ஒரு முறை இருக்கிறது. 'கிரிட்டிக்கல் டைம் இன்டர்வென்ஷன்' எனப்படும் அது நியூயார்க்கின் ஆண்கள் தங்குமிடம் ஒன்றில் உருவானது. தங்குமிடத்தில் ஏற்கெனவே அறிமுகமான ஒரே பணியாளர், வெளியேறியவரை ஒன்பது மாதம் பின்தொடர்கிறார். முதல் மூன்று மாதம் நெருக்கமாக, அடுத்த மூன்றில் குறைத்து, கடைசி மூன்றில் பொறுப்பைக் குடும்பத்திடமும் உள்ளூர் மருத்துவரிடமும் ஒப்படைத்து விலகுகிறார். தீவிர மனநோயுள்ள 96 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்த ஆய்வு 1997-இல் வெளியாயிற்று. 18 மாதங்களில் இந்தத் துணை கிடைத்தவர்கள் சராசரியாக 30 இரவுகளும், கிடைக்காதவர்கள் 91 இரவுகளும் வீடின்றிக் கழித்திருந்தனர். ஒரு மாவட்டத்தில் ஓரிரு பணியாளர்களோடு தொடங்கக்கூடிய முறை இது என்பதால், உங்கள் ஆய்வுக்கு இதுவே பொருத்தமான எடுத்துக்காட்டு என்று கருதுகிறேன்.

'ஹவுசிங் ஃபர்ஸ்ட்' இதைவிடப் பெயர் பெற்றது. 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய இந்த முறையில், மது அருந்துவதை நிறுத்தினால்தான், மருந்து உட்கொண்டால்தான் வீடு என்ற நிபந்தனைகள் இல்லை. வீடு முதலில் கிடைக்கும், மற்றவை அவர் விரும்பும் வேகத்தில் பின்னால் வரும். கனடா 2009 முதல் 2013 வரை வான்கூவர், வின்னிபெக், டொரான்டோ, மான்ட்ரியல், மாங்டன் ஆகிய ஐந்து நகரங்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு இதைச் சோதித்தது. ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில் முழுக் காலமும் வீட்டில் இருந்தவர்கள் இம்முறையில் 62 விழுக்காடு, வழக்கமான சேவைகளில் 31 விழுக்காடு. மனநோய் அறிகுறிகளோ இரு குழுவினரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன. வீடு கொடுத்தால் நோய் தீரும் என்று எழுதிவிடாதீர்கள். வீடு கொடுத்தால் வீட்டில் இருப்பார் என்பதற்குத்தான் சான்று இருக்கிறது. எனக்கு அதுவே போதுமான பயனாகத் தெரிகிறது.

ஆய்வேட்டின் முடிவுரையில் 'துறைகளிடையே ஒருங்கிணைப்பு வேண்டும்' என்று எழுதும் ஆசை வரும், எல்லோரும் எழுதுகிறோம். 1990-களில் அமெரிக்க அரசு 'ஆக்சஸ்' என்ற திட்டத்தில் ஒன்பது மாநிலங்களின் 18 ஊர்களில் அதைத்தான் சோதித்தது. ஒருங்கிணைப்புக்கெனத் தனிப் பணம் பெற்ற ஊர்களில் அலுவலகங்களிடையே இணக்கம் கூடியது உண்மை; ஆனால் அங்கே சேவை பெற்றவர்களின் நலம், பணம் பெறாத ஊர்களில் இருந்தவர்களைவிடக் கூடுதலாக மேம்படவில்லை. ஆகவே ஒருங்கிணைப்பு என்று எழுதுமுன், யார் யாரிடம் எந்தத் தாளை எந்த நாளில் கொடுப்பது என்று எழுதுங்கள்.

பதில் 3: வடலூர் வாசகர்

படித்தவர்கள் பேசும் இடத்தில் நான் ஒரு மறுப்பையும் ஒரு தகவலையும் சொல்லிக்கொள்கிறேன்.

மறுப்பு: கனடாவில் வீட்டுக்காரருக்கு வாடகை மானியம் சேர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்திருக்கலாம். நம் ஊரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதலில் விசாரிப்பது சாதி, அடுத்தது குடும்பமா தனி ஆளா என்பது, பிறகுதான் முன்பணம். மனநலம் பாதிக்கப்பட்ட நான்கு பெண்கள் ஒரு வீட்டில் இருக்கப்போகிறார்கள் என்றால் தெருவே கூடிப் பேசும். மருத்துவர்களையும் அலுவலர்களையும் மட்டும் பேட்டி கண்டால் இந்தத் தடை உங்கள் கண்ணில் படாது. வீட்டு உரிமையாளர்களையும், வீடு பிடித்துத் தரும் தரகர்களையும், பக்கத்து வீட்டுக்காரர்களையும் பேட்டி காணுங்கள் என்பது என் வேண்டுகோள்.

தகவல்: நிபந்தனையில்லாமல் கொடுப்பது மேல்நாட்டுப் புதுமை என்பதுபோல் எழுதப்பட்டிருக்கிறது. வள்ளலார் 1867-இல் வடலூரில் தொடங்கிய தருமசாலையில் பசி என்று வந்தவரிடம் இன்றுவரை யார், என்ன, ஏன் என்று கேட்பதில்லை. தெருவில் இருப்பவர்களில் மனநலம் குன்றியவர்களும் அங்கே பந்தியில் அமர்கிறார்கள். சிலர் நாள்தோறும் அதே நேரத்தில் வருகிறார்கள். பரிமாறுபவர்களுக்கு அவர்களின் முகம் தெரியும், சிலரின் பெயரும் தெரியும். வீடற்றோரைக் கண்டு பேச இடம் தேடுகிறவர்கள், வினாத்தாளோடு நள்ளிரவில் பேருந்து நிலையத்தில் அவர்களை எழுப்புவதைவிட இப்படிப்பட்ட இடங்களில் சில வாரம் பரிமாறிவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் மட்டும் போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் யாரையும் அடையாளம் காண முடியாது.

மாணவியின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. வடலூர் ஐயா சொன்னது என் ஆய்வின் வடிவத்தையே மாற்றுகிறது. வீட்டு உரிமையாளர்களை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வெளியேறியவர்களின் பாதையைப் பின்தொடர்வது முதற்பகுதி, ஒன்பது மாதத் துணைமுறையை இரு அரசுகளின் எல்லையில் நடத்த எது தேவைப்படும் என்று பணியாளர்களிடமும் வீட்டுக்காரர்களிடமும் கேட்பது இரண்டாம் பகுதி என்று வைத்துக்கொள்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் 17.7 லட்சம் வீடற்றோர் என்று சொல்வதை முன்னுரையில் தரலாமா? தெருவில் இருப்பவரிடம் ஒப்புதல் பெறுவது எப்படி என்பதும் எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

பதில் 1-ஐ எழுதியவர் மீண்டும்

தரலாம், ஆனால் அது பிப்ரவரி 28 இரவு ஒன்றில் எடுக்கப்பட்ட கணக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஓர் இரவில் கடைத்திண்ணையை விட்டு விரட்டப்பட்டவரும், அன்று மட்டும் உறவினர் வீட்டுத் தாழ்வாரத்தில் படுத்தவரும் அதில் விடுபட்டிருப்பார்கள்.

ஒப்புதலைப் பற்றி அதே சட்டத்தின் 99-ஆம் பிரிவு பேசுகிறது. மனநோயுள்ளவரைப் பேட்டி காணும் எந்த ஆய்வுக்கும் அவருடைய சுதந்திரமான, விவரம் அறிந்த ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தர இயலாத நிலையில் இருப்பவரை, அவர் மறுக்கவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு சேர்த்துவிட முடியாது. மாநில மனநல ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும். நீங்கள் எல்லையின் இரு பக்கமும் ஆய்வு செய்வதால் இரண்டு ஆணையங்களிடம் செல்ல நேரலாம். கல்லூரியின் நெறிமுறைக் குழு கூடும் தேதியை முதலில் விசாரியுங்கள். இந்தக் கடிதங்களுக்கே ஒரு பருவம் போய்விடும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது. அதுவரை காத்திராமல், ஒப்புதல் தெளிவாகத் தரக்கூடிய பணியாளர்களையும் வீட்டுக்காரர்களையும் பேட்டி காணும் இரண்டாம் பகுதியை முன்னால் கொண்டுவந்துவிடுங்கள்.