பேக்பேக்கோடு மலையேறும்போது மறைத்து வைத்த துப்பாக்கி: தேவையா?

நெடுவழி (சியாட்டில்)

செப்டம்பரில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் தென்பகுதியில் (வயோமிங் மாநிலம்) நான்கு நாள் பேக்பேக்கிங் போகிறோம். நானும் ஒரு நண்பனும் மட்டும். நான் அமெரிக்கக் குடிமகன், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல வாஷிங்டன் மாநில உரிமம் இருக்கிறது. நண்பன் எச்1பி விசாவில் இருக்கிறான். கிரிஸ்லி கரடிகள் நடமாடும் பகுதி என்பதால் என் க்ளாக் 19 கைத்துப்பாக்கியை எடுத்துப் போகலாமா என்று யோசிக்கிறேன். வழக்கமாக இடுப்பில் உள்பக்கமாக வைப்பேன். முழுப் பையை மாட்டிப் பார்த்தால் பையின் இடுப்புப் பட்டை சரியாக அதன் மேல் வந்து அழுத்துகிறது. எங்கே வைப்பது? அதைவிட முக்கியமாக, எடுத்துப் போகத்தான் வேண்டுமா?

தனிநடை (போஸ்மன், மொன்டானா)

எடுத்துப் போங்கள். நான் இந்தப் பக்கத்து மலைகளில் பெரும்பாலும் தனியாக நடப்பவள். கைத்துப்பாக்கி இல்லாமல் இரவு தங்குவதில்லை.

இடுப்பை மறந்துவிடுங்கள். பட்டைக்கு அடியில் இருந்தால் நடக்க நடக்க எலும்பில் உரசிப் புண்ணாகும், அவசரத்தில் உருவவும் முடியாது. பைக்குள் வைப்பது அதைவிட மோசம். மார்பில் மாட்டும் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை)தான் சரி. முதலில் ஹோல்ஸ்டர், அதன்மேல் பை. பையின் நெஞ்சுப் பட்டையை ஹோல்ஸ்டருக்கு மேலே வருமாறு ஏற்றி மாட்டினால் கை தடையில்லாமல் போகும். டிரிகரை முழுவதும் மூடுகிற கெட்டியான உறையாக இருக்கட்டும்; துணி உறை வேண்டவே வேண்டாம். மேலே ஒரு மெல்லிய ஜாக்கெட் போட்டால் மறைந்துவிடும். இரவில் எண்ணெய்த் துணியால் துடையுங்கள், வியர்வை உப்பு துப்பாக்கியின் உலோகப் பாகங்களில் துருப்புள்ளி வைக்கலாம்.

சட்டப்படியும் தடையில்லை. 2010 பிப்ரவரி 22 முதல் தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். வயோமிங்கில் 2021 முதல் வெளிமாநிலத்தவருக்கும் உரிமம் தேவையில்லை. பார்வையாளர் மையம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் மட்டும் கொண்டுபோகக் கூடாது.

பனிச்சிகரம் (டென்வர்)

வைத்திருக்கலாம் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள், அக்கா. யெல்லோஸ்டோனுக்குள் சுடுவது சட்டவிரோதம். கிரிஸ்லி 1975 முதல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. சுட்டுக் கொன்றால் உயிருக்கு ஆபத்து இருந்தது என்று நீங்கள்தான் விளக்க வேண்டும்.

அதுகூடப் பரவாயில்லை. அது வேலை செய்யுமா என்பதுதான் என் கேள்வி. டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ என்ற இரண்டு கரடி ஆய்வாளர்கள் அலாஸ்காச் சம்பவங்களைத் தொகுத்தார்கள். 2008இல் வந்த ஆய்வில், பழுப்புக் கரடிகள் (கிரிஸ்லியும் இந்த இனம்தான்) மீது மிளகு ஸ்ப்ரே அடித்தபோது 92 சதவீதம் அவை அடங்கின. ஸ்ப்ரே கையில் இருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு நெருங்கிய சந்திப்பிலும் காயமே இல்லை. 2012இல் துப்பாக்கி பற்றிய ஆய்வு வந்தது, 269 சம்பவங்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயமடைவதில் வித்தியாசம் இல்லை என்பதுதான் அதன் முடிவு.

கரடி பாய்ந்து வருவது ஓரிரு வினாடி சமாச்சாரம். கை நடுங்கும்போது 9 மி.மீ. தோட்டாவை ஓடிவரும் மண்டையில் சரியாகப் பதிக்க எத்தனை பேரால் முடியும்? ஸ்ப்ரேயை முன்னால் மேகமாகப் பரப்பினால் போதும்.

தனிநடை

அதே 2012 ஆய்வில் கைத்துப்பாக்கி 84 சதவீதம் வெற்றி என்று இருப்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? நீளத் துப்பாக்கிக்கு 76 சதவீதம்தான். தவிர, ஸ்ப்ரே சம்பவங்களில் பல, பாய்ந்து வராமல் உணவுக்காக மோப்பம் பிடித்து வந்த கரடிகள். துப்பாக்கிச் சம்பவங்களோடு அவற்றை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

நான் ஸ்ப்ரே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் தோள்பட்டையில் எப்போதும் ஒன்று இருக்கும். ஆனால் அது பத்து மீட்டர் தூரம்தான் போகும், சில வினாடிகளில் தீர்ந்துவிடும். எதிர்க்காற்றில் அடித்தால் உங்கள் கண்ணுக்கே வரும். கூடாரத்துக்குள் அடித்தால் நீங்களும் முடங்கிவிடுவீர்கள். முதலாவது தவறினால் இரண்டாவதாக என்ன இருக்கிறது என்பதுதான் என் கணக்கு.

அப்புறம், எனக்குக் கரடி மட்டும் கவலை இல்லை. ஆள் அரவமில்லாத இடத்தில் கூடாரம் போட்டிருக்கும்போது ஒரு ஆண் வந்து, தனியாகத்தான் வந்தாயா என்று கேட்டுவிட்டு நகராமல் நின்றால் என்ன தோன்றும் என்று, நான்கு பேராகப் போகிறவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம்.

மேப்பிள் நிழல் (நியூ ஜெர்சி)

அந்தப் பயம் எனக்கும் தெரியும், நானும் தனியாக நடக்கும் பெண்தான். 2019 மே மாதம் வர்ஜீனியாவில், கிழக்குப் பகுதியின் நெடும் நடைபாதையான அப்பலாச்சியன் ட்ரெயிலில் ஒருவன் கத்தியால் தாக்கி ஒருவரைக் கொன்றபோது பல வாரம் தூக்கம் வரவில்லை. ஆனாலும் துப்பாக்கி எடுக்கவில்லை.

அந்தப் பாதை 14 மாநிலங்கள் வழியாகப் போகிறது. ஜார்ஜியாவில் சட்டப்படி வைத்திருப்பது எங்கள் நியூ ஜெர்சிக்குள் கால் வைத்ததும் பெரிய குற்றமாகலாம். ட்ரெயிலில் சோதனைச் சாவடி கிடையாது, மாநில எல்லையில் மரத்தில் ஒரு பலகை இருந்தால் உண்டு. 1986 மத்தியச் சட்டம் மாநிலங்களைக் கடக்கப் பாதுகாப்புத் தருகிறதே என்பார்கள். அது தோட்டாவை எடுத்துவிட்டு, எட்டாத இடத்தில் பூட்டி எடுத்துச் செல்பவருக்கு. நெஞ்சில் நிரப்பி மாட்டிக்கொண்டு நடப்பவருக்கு உதவாது. ட்ரெயிலைப் பராமரிக்கும் அமைப்பே துப்பாக்கி வேண்டாம் என்றுதான் அறிவுறுத்துகிறது.

இன்னொன்று. அந்தப் பாதையின் ஷெல்டர்களில் (பொதுத் தங்கும் குடில்கள்) முன்பின் தெரியாதவர்கள் வரிசையாகப் படுப்போம், சில நாள் குழந்தைகளோடு குடும்பங்கள் வரும். அங்கே நிரப்பிய துப்பாக்கியை இரவு எங்கே வைப்பீர்கள்? தலைமாட்டிலா?

தனிநடை

ஷெல்டரில் நானும் வைக்க மாட்டேன், அங்கே படுக்கவும் மாட்டேன். கிழக்குப் பகுதிச் சட்டம் வேறு, கூட்டம் வேறு. நெடுவழி கேட்டது வயோமிங்.

கூடலூரான் (டாலஸ்)

எல்லோரும் கரடியைப் பிடித்துக்கொண்டீர்கள். நண்பன் எச்1பி என்று அவர் எழுதியதை யாரும் கவனிக்கவில்லையா?

நெடுவழி அண்ணா, இதைக் கவனமாகப் படியுங்கள். எச்1பி (வேலை), எஃப்1 (மாணவர்) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியக் குற்றம். சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று நம் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். கையில் இருந்தாலே போதும். ஃபுளோரிடாவில் மாணவர் விசா காலாவதியான ஒருவர், சுடும் பயிற்சிக்கூடத்தில் சுட்டதற்கே வழக்கில் மாட்டி, 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போனார். தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் நண்பனுக்குத் தான் எச்1பி என்று நன்றாகவே தெரியும். 2022 முதல் இதற்கு 15 ஆண்டு வரை சிறை. விசா கதையும் அத்தோடு முடிந்துவிடலாம். வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு, ஆனால் வக்கீலிடம் கேட்காமல் அதை நம்பி இறங்கக் கூடாது. கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை.

இப்போது உங்கள் பயணத்தை யோசியுங்கள். ஓடையில் இறங்குகிறீர்கள், "டேய், இதைக் கொஞ்சம் பிடி" என்று கொடுக்கிறீர்கள். அவன் குற்றவாளி. தெரிந்தே கொடுத்ததால் நீங்களும் குற்றவாளி. இருவரும் படுக்கும் கூடாரத்தில் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதுவே கேள்வியாகலாம்.

பனிச்சிகரம்

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. கரடியே வந்தாலும், நெடுவழி கீழே விழுந்து கிடக்கும் அந்த நேரத்தில் நண்பன் தொடக் கூடாத கருவி அது. ஸ்ப்ரேயை அவனும் அடிக்கலாம்.

தனிநடை

உயிர் போகிற நேரத்தில் யாரும் விசாவைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் கூடலூரான் சொல்வது சரியான எச்சரிக்கை, இந்தப் பயணத்துக்கு அது பொருந்தும். தனியாகப் போகிற என் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் சதவீதக் கணக்கைக் காட்டி இறக்கி வை என்று சொல்லாதீர்கள்.

நெடுவழி

எல்லோருக்கும் நன்றி. நண்பனிடம் பேசினேன். சுடும் கூடத்துக்கு அவனைக் கூட்டிப்போவதாக இருந்தேன், அதையும் நிறுத்திவிட்டேன். இந்தமுறை துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும். ஆளுக்கொரு ஸ்ப்ரே. பூங்கா நிர்வாகம் மூன்று பேருக்குக் குறையாமல் போகச் சொல்வதால் இன்னொருவரையும் சேர்க்கப் பார்க்கிறோம். அடுத்த வருடம் தனியாகப் போனால் தனிநடை அக்காவிடம் ஹோல்ஸ்டர் பற்றி மறுபடி கேட்பேன். ஸ்ப்ரேயை சியாட்டிலிலேயே வாங்கிவிடவா?

தனிநடை

விமானத்தில் வருவதாக இருந்தால் வேண்டாம். ஸ்ப்ரேயைக் கைப்பையிலும் விட மாட்டார்கள், செக்-இன் பெட்டியிலும் விட மாட்டார்கள். போஸ்மனில் இறங்கி வாங்குங்கள், காலாவதித் தேதி பார்த்து. மருந்தில்லாத பயிற்சி டப்பா ஒன்றும் வாங்கி, பையை மாட்டிக்கொண்டே பாதுகாப்பு கிளிப்பைத் தட்டி அடித்துப் பழகுங்கள், இருவரும். பக்கவாட்டுப் பாக்கெட்டில் செருகாமல் தோள்பட்டையில் மாட்டுங்கள். திரும்பும்போது மிச்சமிருந்தால் தூக்கிப் போடாமல் எனக்குச் செய்தி அனுப்புங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.